பருப்பு மக்காது

எங்கள் தெருவின் குப்பை வண்டி, "அன்பார்ந்த மாநகர மக்களே" என்றுதான் கூப்பிடும். எந்த ஊருக்கோ பதிவு செய்த குரல். விருத்தாசலம் மாநகரம் இல்லை. ஆகவே, நம்மைக் கூப்பிடவில்லை என்று எல்லாரும் சும்மா இருந்தோம்.

இக்குறையைக் களைய, நகராட்சியின் 'வீதி ஒலி ஒழுங்குப் பிரிவு' உள்ளூர்க் குரல் ஒன்றைத் தேடியது. நான் பேசுகிறேன் என்றேன். எல்.கே.ஜி. படிக்கும் என் மகள் துர்கா, "வண்டியில எங்கம்மா பேசப் போறாங்க" என்று ஸ்கூல் முழுக்கச் சொல்லிவிட்டாள். இனி பின்வாங்க முடியுமா?

பக்கத்து வீட்டு ஹுமைராவிடம் லேப்டாப்பு, மைக்கு, பாட்டு பதிவு செய்யும் சாஃப்ட்வேர் எல்லாம் இருக்குது. எல்லாவற்றையும் எங்கள் வீட்டுக்கே கொண்டுவந்து, முதல் ட்ராக்கில் மேளம் வைத்தாள். இரண்டாவதில் நான் தாளத்தோடு பேசினேன்: "மக்கும் குப்பை பச்சைத் தொட்டி. நீலத் தொட்டியில் போட வேண்டிய மக்காத குப்பை..."

குக்கர் மூணாவது விசில் அடித்தது.

"ஐயோ, பருப்பு!" என்று ஓடினேன்.

அடுப்பை அணைத்துவிட்டு வந்து, மூன்றாவது ட்ராக்கில் முதலிலிருந்து பேசி, "உடைந்த பீங்கான்" என்று ஒழுங்காக முடித்தேன். கெட்டுப்போன இரண்டாவதை ஹுமைரா மியூட் செய்தாள். விண்ணப்பத்தில், 'பதிவான ட்ராக்குகள்' என்ற கட்டத்தில் மூன்று என்று உண்மையை எழுதினோம். உண்மை எழுதினால் என்ன ஆகும் என்று எங்களுக்கு அப்போது தெரியாது.

அதிகாரி ஆதிநாராயணன் சார் லேப்டாப்பை உற்றுப் பார்த்தார்.

"ஏம்மா சிவசங்கரி, மூணு எழுதியிருக்கீங்க. ரெண்டுதான் கேக்குது?"

"நடுவுல உள்ளது கெட்டுப்போச்சு சார். மியூட் பண்ணியிருக்கோம்."

"அரசுக்குக் கொடுத்த குரலை அடக்கி வைக்க உங்களுக்கு யாரு அதிகாரம் கொடுத்தது?"

"அப்ப அழிச்சுடறோம் சார்" என்றாள் ஹுமைரா.

"முத்திரை விழுந்த விண்ணப்பத்துல உள்ளதை அழிக்கறதா? தணிக்கையில நான் என்ன பதில் சொல்றது? மூணும் ஒலிக்கணும்."

"சார், அதுல குக்கர் கத்துது!"

"கத்தட்டும். எண்ணிக்கை சரியா இருக்கணும்."

மூன்றும் ஒலித்தன. மேளம் முழங்க, இரண்டு சிவசங்கரிகள் ஒரே நேரத்தில் பேசினோம். பீங்கான் யார் காதிலும் விழவில்லை. "மக்காத குப்பை, ஐயோ, பருப்பு!" மட்டும் ஜங்ஷன் வரைக்கும் கேட்டது.

சந்தேகம் கேட்டு மனுக்கள் போயின. தெளிவுரை வந்தது: 'ஒலிபரப்பில் உள்ளபடி பருப்பு மக்காத வகையைச் சார்ந்தது. ஒலிபரப்பில் கேட்காத பீங்கான், மக்கும் எனக் கருதப்படும்.'

எத்தனையோ வருஷமாக எந்த உத்தரவையும் காதில் வாங்காத ஊர் இதை அப்படியே பிடித்துக்கொண்டது. மிஞ்சின சாம்பார் நீலத்தில் விழுந்தது. உடைந்த ஊறுகாய் ஜாடியெல்லாம் உரமாகப் பச்சைக்குப் போனது.

நேற்று ஊசிப்போன பருப்பைப் பச்சைத் தொட்டியில் கொட்டப் போனேன். வண்டி தள்ளும் அமுதவள்ளி கையை நீட்டித் தடுத்தாள்.

"யக்கா, பருப்பு நீலத்துல."

"அட, அதைச் சொன்னதே நாந்தாண்டி! வாய் தவறி வந்துடுச்சு."

"சொன்னவங்களே மீறுனா ஊரு எப்படிக்கா உருப்படும்?"

பின்னால் நின்றவர்கள், "அதானே" என்றார்கள். ஒவ்வொருத்தர் கையிலும் பருப்புக் கிண்ணம். துர்கா என் சேலையைப் பிடித்து இழுத்தாள்.

"அம்மா, வண்டியில இருக்கற அம்மா சொல்றதைக் கேளும்மா."

கேட்டேன். நீலத்தில் கொட்டினேன்.