காக்கைக் குஞ்சும் கைநழுவிய சம்பந்தமும்

எனக்கு முதலில் பேசிய பெண் கிடைக்காமல் போனதற்கு நான்தான் காரணம். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நான் செய்ததெல்லாம் ஒரு காக்கைக் குஞ்சுக்குச் சோறு ஊட்டப் பார்த்ததுதான்.

எழுபத்தெட்டில் அவனியாபுரத்தில் குடியிருந்தோம். வீட்டுத் தோட்டத்தில் குருவிகளுக்குக் கம்பும் மைனாக்களுக்குத் தண்ணீரும் வைத்து வைத்து, பறவைகளின் காவலன் என்றே என்னை நினைத்துக்கொண்டிருந்தேன் (அவற்றிடம் யாரும் கேட்கவில்லை). ஒருநாள் காலையில் வேப்பமரத்தடியில் ஒரு காக்கைக் குஞ்சு உட்கார்ந்திருந்தது. இறக்கை முளைத்திருந்தும் பறக்கவில்லை. அநாதை என்று முடிவு கட்டித் தூக்கினேன்.

"அது அங்கனயே இருக்கட்டும்டா. ஆத்தாக்காரி பாத்துக்கிருவா" என்றார் அம்மா.

"எங்க இருக்கா, அம்மா? ஒருத்தியையும் காணோம்."

தலைக்கு மேல் இரண்டு காக்கைகள் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தன. என்னை வாழ்த்துவதாக நினைத்தேன்.

கோழி கவிழ்க்கும் பஞ்சாரத்துக்குள் குஞ்சை வைத்துப் பால்சோறு ஊட்டினேன். அது வாயைத் திறக்கவே இல்லை. அன்று சாயங்காலம்தான் திருமங்கலத்திலிருந்து பெண்ணின் அப்பா எங்கள் வீட்டைப் பார்க்க வந்தார். பருத்தி வியாபாரி. அளந்து பேசுகிறவர். முழு வழுக்கை. தோட்டத்தைச் சுற்றி வந்தவர், "பஞ்சாரத்துல என்ன, கோழியா?" என்றார்.

என் கருணையைக் காட்ட இதைவிட நல்ல நேரம் வாய்க்குமா?

"காக்காக் குஞ்சு, மாமா. கையில பிடிச்சுப் பாருங்க" என்று நீட்டினேன். (பெண்ணின் போட்டோவைக்கூட நான் பார்த்திருக்கவில்லை, அதற்குள் மாமா.)

மரியாதைக்காக வாங்கிக்கொண்டார். மரத்திலிருந்து சரேலென்று இறங்கிய காக்கை அந்த வழுக்கையில் ஒரு போடு போட்டது. அவர் துண்டை எடுப்பதற்குள் இன்னொன்று.

அவர் குஞ்சை என் கையில் கொடுத்துவிட்டு ரத்தத்தைத் துடைத்தார். "காக்கா தலையில கொத்துன வீட்டுல எப்பிடித் தம்பி பொண்ணக் குடுக்க? நான் வாரேன்" என்றார். காபியைத் தொடவே இல்லை.

குஞ்சைத் தாழ்ந்த கிளையில் விட்டுவிட்டுக் கதவிடுக்கில் நின்று பார்த்தேன். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை, தாய் வந்துவிட்டது. காலையிலிருந்து என்னிடம் மூடியே இருந்த அந்தச் சிவந்த வாய் அகலத் திறந்தது. தாய் எங்கேயும் போயிருக்கவில்லை. பகலெல்லாம் என் தலைக்கு மேல் உட்கார்ந்து பிள்ளையைக் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. பெண் போனதைவிட அதுதான் எனக்கு வெட்கமாக இருந்தது.

அந்தக் காக்கைகள் என் முகத்தை மறக்கவில்லை. இரண்டு மாதம் குடை பிடித்துக்கொண்டுதான் தோட்டத்துக்குப் போனேன்.

அடுத்த வருஷம் வேறிடத்தில் எனக்குக் கல்யாணம் ஆயிற்று. "ஒங்க சம்பந்தத்த யாரு முடிச்சு வச்சது?" என்று எவராவது கேட்டால், என் மனைவி இன்றும் "ரெண்டு காக்கா" என்பாள். என்மேல் கோபமாக இருக்கும் நாள்களில் மட்டும், "அதுகளுக்கு நான் என்ன கெடுதல் செஞ்சேன்னுதான் தெரியல" என்று சேர்த்துக்கொள்வாள்.