அரை டொக்டர் சும்மா வந்த ஞாயிறு

பிள்ளைகளே, மருத்துவம் படிக்கிறவர்கள் ஏன் நாட்டுப்புறத்துக்கு வேலைக்கு வருவதில்லை என்று பள்ளிக்கூடத்தில் கட்டுரை எழுதச் சொன்னார்களாம். நேற்று என்னிடம் டெனிஷ் மொழியில் கேட்டீர்கள். நான் பத்தாம் வகுப்போடு நின்றவன். காரணங்களை அடுக்கத் தெரியாது. ஆனால் வந்த ஒருவரைத் தெரியும். ஊசியோ மருந்தோ இல்லாமல், ஒரே ஞாயிற்றுக்கிழமையில், ஒரு கிராமம் முழுவதையும் சாவுக்குத் தயார்படுத்திய மனிதர் அவர்.

அவரை 'அரை டொக்டர்' என்றுதான் சொல்லுவோம். ஓகூஸ் பட்டணத்தில் படித்துக்கொண்டிருந்தார், இன்னும் முழு டொக்டர் ஆகவில்லை. ஊரில் வன்னிச் சண்டை முடிகிற அந்த வசந்தத்தில், ஸ்கீவ பட்டணத்துக்கு வெளியே இருக்கிற எங்கள் கிராமத்து டொக்டரிடம் பயிற்சிக்கு அனுப்பியிருந்தார்கள். எங்கள் மேல்மாடி அறையில் தங்கினார். வந்த அன்றே உங்கள் அம்மாவிடம் சொல்லிவிட்டார்.

"அக்கா, குறை நினையாதேங்கோ. நான் கொப்பன்ஹேகனிலை இருதய டொக்டரா வரப்போற ஆள். இஞ்சை சனத்தைவிட மாடுதான் கூட. பயிற்சி முடிஞ்ச அண்டே பஸ் ஏறிடுவன்."

"பஸ் எப்பவாவதுதான் வரும் தம்பி. அதுவரைக்கும் சாப்பிடுங்கோ."

சோற்றுக்கு மேல் உருளைக்கிழங்கு சிப்ஸை நொறுக்கிப் போட்டு, அதை அப்பளம் என்பார். சைக்கிளில் போகும்போது மாடு வேலியருகில் வந்தால் இறங்கி, தொப்பியைக் கழற்றி, அது திரும்பிப் போகும்வரை மரியாதையாக நிற்பார். கைத்தொலைபேசியைக் கழுத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டிருப்பார். குளிக்கும்போதும் பிளாஸ்டிக் பையில் சுற்றிக்கொண்டுதான் போவார். அதற்கு மட்டும் நாங்கள் சிரிக்கவில்லை. அவருடைய தாய் வன்னிக்குள் அகப்பட்டிருந்தார். மாதக்கணக்காக ஒரு செய்தியும் இல்லை.

வேலை நாட்களைச் சமாளித்துவிடுவார். ஞாயிற்றுக்கிழமைதான் அவரைத் தின்றது. ஒரு ஞாயிறு அறைக்குள் இருக்கமுடியாமல் சைக்கிளை எடுத்தார்.

"தெரிஞ்ச சனத்தை எட்டிப் பாத்திட்டு வாறன் அண்ணை."

எங்கள் ஆட்களுக்கு, தெரிந்தவர் வீட்டைத் தாண்டும்போது தலைகாட்டாமல் போவதுதான் பிழை. இங்கே டெனிஷ்காரர் சொந்தத் தம்பி வீட்டுக்கே நாள் கேட்டுத்தான் போவார்கள். அது அந்தப் படித்த மூளையில் ஏறவில்லை. அவருக்குத் தெரிந்த சனம்தான் யார்? நோயாளிகள்!

முதலில் பன்றிப் பண்ணைக்காரர் யென்ஸ் வீடு. வெள்ளிக்கிழமைதான் அவருக்குச் சோதனைக்கு இரத்தம் எடுத்திருந்தார்கள். கதவைத் திறந்தால் வாசலில் டொக்டர், முகத்தில் சிரிப்பில்லை. யென்ஸ் கதவுநிலையைப் பிடித்துக்கொண்டார்.

"சொல்லும். நான் தாங்குவன்."

"ஒண்டுமில்லை. சும்மா வந்தனான்."

எந்த டொக்டர் ஞாயிற்றுக்கிழமை சும்மா வருவார்? யென்ஸ் கோப்பி ஊற்றிக் கொடுத்துவிட்டு, குசினிக்குள் போய் மகனுக்குப் போன் எடுத்தார். மகன் வைலே பட்டணத்திலிருந்து காரில் பறந்து வந்தான். அரை டொக்டர் கேக்கை முடித்து, நன்றி சொல்லி, அடுத்த வீட்டுக்குப் போனார். அங்கே இருந்த ஓய்வுபெற்ற ஆசிரியை, அவர் போன கையோடு, தன் செத்தவீட்டுக்கான பாட்டுகளைத் தேவாலயத்துக்குச் சொல்லிவிட்டார். பொழுது சாய்வதற்குள் அந்தத் தெரு முழுக்க மரணசாசனம் பற்றித்தான் கதை.

திங்கட்கிழமை கிராமத்து டொக்டர் அவரைப் பிடித்துக்கொண்டார்.

"இத்தனை வருசமா நான் சனத்தைச் சாகாமல் பாத்தன். நீர் ஒரு கோப்பி குடிக்கிற நேரத்திலை எல்லாரையும் அனுப்பப் பாத்தீரே!"

அரை டொக்டர் தலையைக் குனிந்துகொண்டு தாயைப் பற்றிச் சொன்னார். கிராமத்தில் ஒருவருக்குச் சொன்னால் போதும்; எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

மே மாதம் சண்டை முடிந்தது என்று தொலைக்காட்சியில் சொன்னார்கள். தாயிடமிருந்து அப்போதும் செய்தி இல்லை. அவர் மேலே போய்க் கதவைச் சாத்தினார். வேலைக்குப் போகவில்லை. கதவடியில் வைத்த சாப்பாடு ஆறிக் கிடந்தது. உங்கள் அம்மா படியடியில் நின்று கூப்பிட்டுப் பார்த்தார். கதவு திறக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மணி அடித்தது. வாசலில் யென்ஸ், கையில் கேக். சொல்லாமல் வந்த வெட்கத்தில் இரண்டு காதும் சிவந்திருந்தன.

"உடம்புக்கு ஏதும் வருத்தமோ?" என்று பதறிப்போய்க் கேட்டேன்.

"இல்லை. சும்மா வந்தனான்."

பின்னால் ஆசிரியை. அவருக்குப் பின்னால் இன்னும் சனம். கதிரைகள் முடிந்து, மிச்சப் பேர் படிக்கட்டில் இருந்தார்கள். அழைக்காத வீட்டில் என்ன செய்வதென்று அந்தச் சனத்துக்குத் தெரியாது. ஆனாலும் ஒருவரும் எழும்பவில்லை. உங்கள் அம்மா தேத்தண்ணி ஊற்றி ஊற்றிக் களைத்தார். கடைசியில் மேலே கதவு திறந்தது. அரை டொக்டர் இறங்கிவந்து யென்ஸுக்குப் பக்கத்தில் படியில் இருந்தார். யென்ஸ் கேக்கை நீட்டினார். அவர் சாப்பிட்டார்.

சில கிழமைகள் கழித்து, வன்னியிலிருந்து தப்பிய சனத்தை வைத்திருந்த முகாமிலிருந்து, கழுத்துப் போனில் தாயின் குரல் வந்தது. அப்போது அவர் யென்ஸுக்கு இரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டிருந்தார். "அம்மா!" என்று போட்ட சத்தத்தில் யென்ஸின் அளவு எங்கேயோ ஏறிப்போனதாம்.

பயிற்சி முடிந்ததும், சொன்னபடியே பஸ் ஏறினார். புதிய டொக்டர்கள் சீட்டுக் குலுக்கித்தான் முதல் வேலைக்கு இடம் எடுப்பார்கள். முன் இலக்கம் விழுந்தவர்கள் பட்டணத்தை அள்ளிக்கொண்டு போக, மிச்சம்தான் எங்கள் பக்கம். இனி அவர் எங்கே வரப்போகிறார் என்று நினைத்து, 'மேல்மாடி அறை வாடகைக்கு' என்று ஒரு துண்டில் எழுதிக் கிராமத்துக் கடையின் விளம்பரப் பலகையில் குத்திவிட்டேன். அவருடைய படிப்பு முடிகிற நேரம் ஒரு நாள் போன் வந்தது.

"அண்ணை, நல்ல முன் இலக்கம் விழுந்திருக்கு. கொப்பன்ஹேகனும் எடுக்கலாம்."

"சந்தோசம் தம்பி. இருதய டொக்டராப் போம்."

"உங்கடை பக்கத்தைத்தான் எடுத்தனான். கூடப் படிச்சவங்கள் விசரன் எண்டுறாங்கள்."

"ஏன் தம்பி அப்பிடிச் செய்தனீர்?"

"கொப்பன்ஹேகனிலை ஞாயிற்றுக்கிழமை நான் ஆருடைய வீட்டுக்குப் போறது அண்ணை?"

போனை வைத்துவிட்டு, உங்கள் அம்மாவுக்கும் சொல்லாமல், மழைக்குள் கடைக்கு நடந்தேன். பலகையில் இன்னமும் குத்தியிருந்த வாடகைத் துண்டைக் கிழியாமல் கழற்றி, மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தேன்.