ரவை பற்றிய ஒரு திருத்தம்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். தாங்களும் அச்சகத்தில் உள்ள அனைவரும் நலமாயிருக்க துஆச் செய்கிறேன். இங்கே கற்பிட்டியில் காற்று மட்டும் நலம்.

ஆயுத ஏற்றுமதி பற்றிய என் கட்டுரையின் முதற் பகுதியை வெளியிட்டதற்கு நன்றி. புனைபெயரில் போடச் சொல்லியிருந்தேன். 'கற்பிட்டி மர்ளியா' என்று போட்டுவிட்டீர்கள். அதைக்கூடப் பொறுக்கலாம். ஒரு நாடு துப்பாக்கியை மலிவாகக் கொடுத்துவிட்டு, முப்பது வருடம் ரவையும் உதிரிப்பாகமும் விற்றே சம்பாதிக்கிறது, வாங்கிய நாட்டால் பிறகு அதனோடு கோபிக்கக்கூட முடியாது என்று நான் எழுதியதற்கு, 'ரவையில்தான் லாபம்' என்று தலைப்பு வைத்தீர்களே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

என் மாமா ஹயாத்து முகம்மது பலசரக்குக் கடைக்காரர். தலைப்புக்குக் கீழே எதையும் வாசிக்கும் பழக்கம் அவருக்கில்லை. மருமகள் படித்தவள், பத்திரிகையிலேயே சொல்லிவிட்டாள் என்று நோன்புக்கு முன் நாற்பது மூடை ரவை இறக்கிவிட்டார். மறுநாளே பத்திரிகைத் துண்டோடு, என் பெயரை விசாரித்துக்கொண்டு புத்தளத்திலிருந்து இரண்டு பொலிஸ் அதிகாரிகள் (ரவை என்றால் துப்பாக்கியில் போடுவது என்று மட்டுமே தமிழ் படித்தவர்கள்) மாமாவின் கடைக்கு வந்து, "முதலாளி, கடையில ரவை இருக்கா?" என்று கேட்க, மாமா வியாபாரம் வந்துவிட்ட பூரிப்பில், "ஓம் சேர், நாப்பது மூட இரிக்கி. எத்தன வேணும்?" என்றார்.

"யாருக்கு விக்கிறது?"

"ஊருக்கேதான். பெருநாளைக்கு ரவை இல்லாத வீடு இரிக்கா சேர்?"

மூடையைக் குத்திப் பார்த்தார்கள், ரவைதான் கொட்டியது. ரவைக்குள் ரவை இருக்கலாம் என்று களஞ்சியத்துக்கு முத்திரை வைத்துவிட்டு, ஒரு மூடையைச் சோதனைக்கென்று ஜீப்பில் ஏற்றிப் போனார்கள்.

"வண்டு விழுந்திச்செண்டா என்ட கடையே முடிஞ்சிது புள்ள! ஒன்ட துப்பாக்கிக்குப் போட வேற சொல்லே கெடக்கல்லியா?" என்று கேட்ட மாமா, மூன்று நாளாக என்னோடு கதைப்பதில்லை.

ஆகவே, 'ரவை' என்று வந்த இடமெல்லாம் 'சன்னம்' என்று வாசிக்கும்படி திருத்தம் போடுங்கள். இரண்டாம் பகுதியைக் கிழித்துவிடுங்கள். என் பெயரை இனி எங்கும் போட வேண்டாம். நான் வாசிப்பதோடு நின்றுகொள்கிறேன்.

தலைப்பு வைப்பவருக்கு அல்லாஹ் நேர்வழி காட்டட்டும். வஸ்ஸலாம்.

மர்ளியா

பி.கு.: உறையை ஒட்டும் நேரம் ஜீப் வந்தது. முத்திரையை எடுத்துவிட்டார்கள். சோதனைக்குப் போன மூடையில் லட்டுப் பிடித்துச் சாப்பிட்டார்களாம், இன்னும் வேண்டுமாம். மாமா ரவையை வாங்கிய விலைக்கே கொடுத்துவிட்டு, நெய், சீனி, ஏலக்காய், கஜு எல்லாவற்றிலும் விலையை ஏற்றிவிட்டார். "இனி நெய்க்கு இஞ்சதான் வரணும், கோவிக்கவும் ஏலா" என்று சிரிக்கிறார். தலைப்பை மட்டும் வாசித்து என் கட்டுரையை முழுதாக விளங்கிக்கொண்டவர் அவர் ஒருவர்தான். திருத்தம் வேண்டாம். இரண்டாம் பகுதியைப் போடுங்கள். பெயரையும் போடலாம், கீழே கடை விலாசத்தையும் போடச் சொல்கிறார்.