கோழி மாட்டிக்கிச்சு

கிட்ட வந்து உட்காருங்க. சத்தமாகச் சொல்லும் கதை இல்லை இது. கண்டக்டர் காதில் விழுந்தால் பாவம், மனுஷன் இப்போதுதான் வெளியே தலைகாட்ட ஆரம்பித்திருக்கிறார்.

கண்டக்டருக்குப் பாத்திரம் தேய்ப்பது என்றால் வேப்பங்காய். அன்றைக்கு மாமனாரும் மாமியாரும் சாப்பிட வருவதாக இருந்தது. காலையிலேயே மனைவியிடம் சபதம் போட்டுவிட்டார்.

“இன்னிக்குச் சமையல் நான். உங்கப்பா நல்லா இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டா, இனி பாத்திரத்தைத் தொட மாட்டேன்.”

“சொல்லலேன்னா?”

“ஆயுசுக்கும் நானே தேய்க்கிறேன். போதுமா?”

“வெளியில வாங்கினா ஆட்டம் செல்லாது. சொல்லிட்டேன்.”

“சேச்சே! என்னைப் பார்த்தா அப்படியா தெரியுது?”

அவள் உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அங்கேதான் அவளுக்கு வேலை. ஏதோ கம்பெனிக்கு வரும் போனை வீட்டிலிருந்தே எடுத்துப் பேசுவாள். என்ன கம்பெனி, என்ன பேச்சு என்று கண்டக்டர் ஒரு நாளும் கேட்டதில்லை. சம்பளம் வருகிறதா, அது போதும்.

பையைத் தூக்கிக்கொண்டு நேராக பஸ் ஸ்டாண்டுக்குப் போனார். அங்கே ஒரு மெஷின். பொத்தானை அமுக்கினால் ஐஸாக உறைந்த சாப்பாட்டுப் பெட்டி விழும். கோழிக் கறியை அமுக்கினார். பெட்டி நகர்ந்து வந்தது. விளிம்பில் நின்றது. படிக்கட்டில் தொங்கும் பயணி மாதிரி, உள்ளேயும் போகவில்லை, இறங்கவும் இல்லை.

“இறங்கு, இறங்கு!” என்று தட்டிப் பார்த்தார். பழக்க தோஷம், விசிலும் ஊதினார். கோழி அசையவில்லை.

மெஷின் மேல் ஒரு நம்பர். அடித்தார்.

“வணக்கம் சார். என்ன உதவி வேணும் சார்?”

ஒரே மூச்சில் ரெண்டு சார். வீட்டில் இந்த மரியாதை கிடைத்திருந்தால் நான் ஏன் இங்கே நிற்கப் போகிறேன் என்று உருகிப்போனார்.

“கோழி மாட்டிக்கிச்சும்மா.”

அந்தப் பக்கம் தொண்டையைச் செருமிக்கொள்ளும் சத்தம் கேட்டது.

“யாரு மாட்டிக்கிட்டது சார்?”

“கோழிம்மா, கோழி! சீக்கிரம் எடுத்து விடு. மாமனார் வர்ற நேரம்.”

“வீட்ல சமைக்கலையா சார்?”

“நான்தான் சமைக்கிறேன். இதைத்தான் சமைக்கிறேன்.”

“வீட்டம்மா கண்டுபிடிச்சிட மாட்டாங்களா சார்?”

“அவளா? அவ்வளவு விவரம் பத்தாது.”

“சரிங்க சார்.” அவள் எங்கிருந்தோ எதையோ தட்ட, தொப் தொப்பென்று ரெண்டு பெட்டி விழுந்தன. “காக்க வெச்சதுக்கு இன்னொண்ணு இலவசம் சார். பெட்டியைத் தூரமா போட்டுடுங்க. கொஞ்சம் வெங்காயம் வதக்கிக் கொட்டுங்க, சமைச்ச வாசனை வந்துடும்.”

வதக்கினார். வீடே மணத்தது. மாமனார் விரலைக் கூடச் சப்பினார். “பிரமாதம் மாப்பிள்ளை!”

கண்டக்டர் மனைவியைப் பார்த்தார். அவள் குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டாள். சாப்பாடு முடிந்ததும் ஜெயித்த மனுஷன் நாற்காலியில் காலை நீட்டினார்.

அவள் எச்சில் தட்டுகளை அடுக்கி எடுத்தாள். அவர் பக்கத்தில் வந்து நின்றாள். தேய்க்கிற நாரை அவர் கையில் வைத்து விரல்களை மூடிவிட்டு, வீட்டில் இதுவரை கேட்காத குரலில் கேட்டாள்:

“சேவை திருப்தியா இருந்துச்சா சார்? வேற யாராவது மாட்டிக்கிட்டா கூப்பிடுங்க சார்.”