நல்லா இருக்கிறது என்று ஒரு புகார்

நாள் முழுக்க வெயிலில் நின்று உப்பு வாரிய ஒருவர், சாயங்காலம் வீட்டுக்கு வந்து கை கால் கழுவிக்கொண்டு, செல்போனை எடுத்து மறுபடியும் உப்பு வாருவார் என்று யாராவது சொல்லியிருந்தால் நான் சிரித்திருப்பேன். மரக்காணத்தில் அதுதான் நடந்தது. உப்பளத்தில் ஒரு நாளும் இறங்காத நானும் வாரினேன். என் பெயர் சகாதேவன். திண்டிவனம் ரோட்டில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன்.

விளையாட்டின் பெயர் ‘நம்ம உப்பளம்’. செய்தவள் மேரிசெல்வி. அவளுடைய அப்பா, அம்மா இரண்டு பேருக்கும் உப்பளத்தில் கூலி வேலை. இவள் கம்ப்யூட்டர் படித்துவிட்டு, புதுச்சேரியில் ஒரு கம்பெனிக்கு பஸ்ஸில் போய் வருகிறாள். லீவு நாட்களில் உட்கார்ந்து இதைச் செய்தாள். பாத்தி கட்டலாம், தண்ணீர் பாய்ச்சலாம், வெயில் ஏற ஏற உப்பு பூக்கும், வாரிக் குவிக்கலாம். பக்கத்துப் பாத்திக்காரரோடு ஊர்க்கதை பேசலாம். கட்டணம் கிடையாது, நடுவில் விளம்பரம் கிடையாது. மூன்று வருஷத்தில் அறுநூறு பேர் சேர்ந்தார்கள்.

இலவசமாக ஒன்று கிடைத்தால் நம் ஆட்கள் அதைத் திருப்பிப் பார்த்து அடியில் எங்கே ஓட்டை என்றுதான் முதலில் தேடுவார்கள். அப்படியே தேடினார்கள். விளையாட்டில் வெயில் சுடவில்லை, அதனால் உப்பின் மேல் நம்பிக்கை வரவில்லை என்றார் ஒருவர். பக்கத்துப் பாத்தி அப்பாவு என்பவரின் குவியல் என் குவியலைவிட வெள்ளையாக இருக்கிறது என்றார் இன்னொருவர். இலவசமாகக் கொடுத்தால் தரம் எப்படி இருக்கும், விலை வைக்க வேண்டும் என்று ஒரு கோஷ்டி கிளம்பியது. விலை வைக்கப் போவதாகக் கேள்விப்பட்டோம், கண்டிக்கிறோம் என்று அதே கோஷ்டி மறுநாள் எழுதியது. ஐப்பசி பிறந்து விளையாட்டிலும் மழை பெய்து உப்பு கரைந்ததும், செல்போனில் கரைந்த உப்புக்கு மழைக்கால நிவாரணம் கேட்டு எண்பது பேர் மனு போட்டார்கள். அதில் முதல் கையெழுத்து என்னுடையது.

மனுக்கள் இப்படி ஒழுங்கில்லாமல் வந்து விழுவதைப் பார்த்து மனம் நொந்தவர் பஞ்சநாதன் சார். பெருமுக்கல் ஊர்க்காரர். இருபத்தெட்டு வருஷம் ஓர் அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். எந்த அலுவலகம் என்று எழுதினால் அவருக்குக் கோபம் வரும். பேத்தி நிவேதா போனில் விளையாட்டைப் போட்டுக் கொடுத்திருந்தாள். அவர் ஒரு பாத்தியும் கட்டவில்லை. வந்த மூன்றாம் நாளே குறைதீர்ப்புக் குழு ஒன்றைக் கட்டிவிட்டார்.

தலைவர் அவர். துணைச் செயலாளர் நான், என் கடையில் மேஜை இருந்ததால். திங்கள்கிழமை பத்து மணி முதல் ஒரு மணி வரை குறைதீர்க்கும் நாள். மனு வெள்ளைத்தாளில் எழுதப்பட்டு, ‘பொருள்’ அடிக்கோடிடப்பட்டு, ஜெராக்ஸோடு இருக்க வேண்டும். எந்த மனுவும் ஏழு நாட்களுக்குள் தீர்வு காணப்பட்டு முடிக்கப்பட வேண்டும். உறுப்பினர் யாரும் மேரிசெல்வியை, அதாவது ‘தொழில்நுட்பப் பிரிவை’, நேரடியாக அணுகக் கூடாது. எல்லாம் உரிய வழியாகத்தான் போக வேண்டும். ஜெராக்ஸ் வகையில் எனக்குக் கொஞ்சம் ஆதாயம் இருந்ததை நான் மறைக்கவில்லை.

கார்த்திகையில் ஒரு நாள் மேரிசெல்வி கடைக்கு வந்தாள். கையில் குழு அனுப்பிய நோட்டீஸ் கட்டு இருந்தது. முகம் வாடியிருந்தது.

“அண்ணா, முந்நூத்தி ஆறு புகார் வந்திருக்குது. மூணு வருஷத்துல ஒருத்தர்கூட நல்லா இருக்குதுன்னு சொல்லல. எனக்கு காசு வாணாம், ஒரு வார்த்தை போதும். இந்த மாசம் பாக்கறேன், இல்லன்னா மூடிட்டு நிம்மதியா லீவுல தூங்கறேன்.”

“அப்படிலாம் பண்ணாதம்மா. உரிய வழியா ஏற்பாடு பண்றேன்,” என்றேன். அந்த ஒரு வார்த்தையை நானே அங்கேயே சொல்லியிருக்கலாம். எனக்கு அது தோன்றவே இல்லை.

ராசம்மாளிடம் சொன்னேன். ராசம்மாள் இருபது வருஷமாக உப்பளத்தில் கூலிக்கு வாருகிறவள். விளையாட்டில் அவள் பெயரில் ஆறு பாத்தி இருந்தது.

“மூடப் போவுதா?” என்று பதறிப்போனாள். “தம்பி, நான் வாரினது பூராவும் அடுத்தவன் பாத்தி. என் பேரு போட்டு பாத்தி இருக்கறது இது ஒன்னுலதான். மேரி பொண்ணு வீட்டுக்கே போய் நல்லா இருக்குதும்மான்னு சொல்லிட்டு வந்துடறேன்.”

“வாயால சொன்னா ரெக்கார்டு ஏது? திங்கக்கிழமை மனுவா குடுங்க,” என்றேன். துணைச் செயலாளர் வேறு எப்படிப் பேசுவான்?

திங்கள்கிழமை முதல் ஆளாக வந்து நின்றாள்.

“பொருள் இன்னாம்மா?” என்றார் பஞ்சநாதன் சார்.

“கேம் நல்லா இருக்குதுங்க.”

“நல்லா இருக்குது, சரி. ஆனா?”

“ஆனாலாம் ஒன்னுமில்லீங்க.”

“கொறை இல்லன்னா கொறைதீர்க்கற நாள்ல உனக்கு இன்னாம்மா வேலை?”

“நல்லா இருக்குதுன்னு அந்தப் பொண்ணுக்கு தெரியணும் சார். அதான் வேலை.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இருபத்தெட்டு வருஷ சர்வீஸில் இப்படி ஒரு மனு வந்ததில்லை. பதிவேட்டைத் திறந்து பார்த்தார். வரிசை எண், பெயர், குறையின் தன்மை, எடுக்கப்பட்ட நடவடிக்கை என்று நான்கு கட்டங்கள்தான் இருந்தன.

“பாராட்டுக்குன்னு தனியா ஒரு ரிஜிஸ்டர் போட்டுடலாமா சார்?” என்றேன்.

“யார் உத்தரவுல? இன்னிக்கி ஒருத்தர் பாராட்டினா நாளைக்கி ஆளாளுக்கு பாராட்டுவான். தணிக்கையில நீ வந்து பதில் சொல்லுவியா?”

அவர் யோசித்து, இருக்கிற பதிவேட்டிலேயே ஏற்றினார். வரிசை எண் 307. பெயர் ராசம்மாள். குறையின் தன்மை: ‘நல்லா இருக்கிறது’. ரசீது கிழித்துக் கொடுத்தார். ராசம்மாள் அதை நான்காக மடித்து டிபன் பையில் வைத்துக்கொண்டு சந்தோஷமாகப் போனாள்.

விதி என்றால் விதி. மறுநாளே தொழில்நுட்பப் பிரிவுக்கு நோட்டீஸ் போனது. ‘பார்வையில் காணும் மனுவில், மேற்படி விளையாட்டு நல்லா இருப்பதாகத் தெரிவிக்கப்பட்டுள்ளது. இந்நிலையை ஏழு நாட்களுக்குள் சரிசெய்து, அறிக்கை அனுப்புமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது.’ ஆறாம் நாள் நினைவூட்டுக் கடிதம் போனது. ஏழாம் நாள் காலையில், ‘நல்லா இருப்பது இன்னும் தொடர்வதாகத் தெரிகிறது, இது வருந்தத்தக்கது’ என்று மூன்றாவது கடிதமும் போனது. டைப் அடித்தது நான்தான்.

மேரிசெல்வி போன் செய்தாள்.

“அண்ணா, நல்லா இருக்குதுன்னு சொன்னாகூட அது புகாரா?”

“பதிவேட்டுல வேற கட்டம் இல்லம்மா.”

“இப்ப நான் இன்னா பண்ணணும்?”

“சரி பண்ணிட்டேன்னு ஒரு வரி எழுதிக் குடுத்துடு. சார் நிலுவையில எதுவும் வெக்க மாட்டாரு.”

“சரிண்ணா, சரி பண்ணிடறேன்” என்றாள். அன்று மத்தியானம் ஒரு மணிக்கு ‘நம்ம உப்பளம்’ நின்றுபோனது. திறந்தால் வெள்ளைத் திரைதான் வந்தது.

புகார் எண் 307 முடிக்கப்பட்டது. விளையாட்டே இல்லாததால் மற்ற முந்நூற்றாறு புகார்களும் கூடவே முடிந்தன. நூற்றுக்கு நூறு தீர்வு. பஞ்சநாதன் சாருக்குக் கல்யாண மண்டபத்தில் பாராட்டு விழா எடுத்தோம். பொன்னாடை போர்த்தினோம். வாழ்த்து மடலை நானே எழுதி, லேமினேட் செய்து கொடுத்தேன். ஒரு பாராட்டுகூட ஏற்க முடியாது என்று சொன்ன மனிதர் அன்று பதினேழு பாராட்டுரைகளையும் கடைசி வரை உட்கார்ந்து கேட்டார்.

விழா முடிந்து வெளியே வந்தால் ராசம்மாள் ரசீதோடு நின்றுகொண்டிருந்தாள்.

“தம்பி, நான் நல்லா இருக்குதுன்னுதானே சொன்னேன்? அதுக்கா எடுத்துட்டாங்க?”

எனக்கு வெட்கமாக இருந்தது. முந்நூற்றாறில் நாற்பத்தொன்று நான் போட்டது. சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

ராசம்மாள் அதோடு விடவில்லை. நல்லா இருக்கிறது என்று வாயைத் திறந்தால் அந்தப் பொருள் போய்விடும் என்று கண்டுகொண்டாள். உப்பளம் முழுக்க அந்தச் செய்தி பரவியது. எங்கள் பக்கம் புதிதாக ஒரு மினி பஸ் விட்டார்கள். சொன்ன நேரத்துக்கு வந்தது. உடனே ராசம்மாள் தலைமையில் பதினான்கு பேர் போய், பஸ் சரியில்லை என்று மனு கொடுத்தார்கள். இன்றுவரை நேரத்துக்கு வருகிறது. அங்கன்வாடி டீச்சர் பூஜா குழந்தைகளை அன்பாகப் பார்த்துக்கொள்கிறாள் என்பதால், அவள் மேல் மாதம் ஒரு புகார் தவறாமல் போகிறது. அவளுக்கு மாறுதல் வரவில்லை.

பங்குனியில் மேரிசெல்வி மனசு கேட்காமல் விளையாட்டை வேறு பெயரில் மறுபடியும் திறந்தாள். இந்த முறை கோட்டக்குப்பத்தில், ஆள் வெளிநாட்டில் இருக்கும் குடும்பங்களுக்காக என்று கேள்வி. வீட்டுக்காரர் துபாயிலும் மனைவி இங்கேயும் இருந்துகொண்டு ஒரே பாத்தியில் வாருகிறார்களாம். ராசம்மாள் எப்படியோ உள்ளே நுழைந்து பழையபடி ஆறு பாத்தி கட்டிவிட்டாள். அவள் சொல்லித்தான் நானும் சேர்ந்தேன். குழு கிடையாது, நோட்டீஸ் கிடையாது. கீழே மட்டும் ஒரு சின்னக் கட்டம், ‘உங்களுக்குத் தோன்றியதைச் சொல்லுங்கள்’ என்று.

“எப்படி இருக்குது?” என்று கேட்டேன்.

ராசம்மாள் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் பார்த்தாள். “படுமட்டம் தம்பி,” என்றாள் சத்தமாக. கண்ணெல்லாம் சிரிப்பு. நான் புரிந்துகொண்டு அன்றே அந்தக் கட்டத்தில் கடுமையாக ஒன்று எழுதினேன். பழைய ஆட்கள் ஒவ்வொருவராகச் சேர்ந்து, பிரியத்தோடு ஆளுக்கு இரண்டு மூன்று எழுதினார்கள்.

போன வாரம் மேரிசெல்வியின் அம்மாவைப் பார்த்தேன். பெண் அந்தக் கட்டத்தைப் படித்துப் படித்து அழுகிறாளாம். இதையும் மூடிவிடலாம் என்று இருக்கிறாளாம். நான் நேராக ராசம்மாளிடம் ஓடினேன்.

“அப்ப நாம எழுதினது பத்தல தம்பி,” என்றாள் அவள். “ரோட்டோர ஒயின்ஷாப்ப மூடு மூடுன்னு ஒம்பது வருஷமா மனு குடுக்கறோம். ஒரு இன்ச்சு அசைஞ்சுதா? அந்த மாதிரி எழுதணும்.”

அவள் சொன்னது எனக்கும் சரியாகப் பட்டது. இரண்டு பேரும் கடையில் உட்கார்ந்து, விளையாட்டை உடனடியாக மூட வேண்டும் என்று காரசாரமாக எழுதி, தெரிந்தவர்கள் இருநூறு பேரிடம் கையெழுத்து வாங்கி, நேற்று சாயங்காலம் மேரிசெல்விக்கு அனுப்பிவிட்டோம்.