ஆறிப்போன பாறைக்குழம்பு

கல்யாணப் பேச்சு நடக்கிற இடத்தில் மாப்பிள்ளை வாயைத் திறக்காமல் இருப்பதே எல்லோருக்கும் நல்லது. நான் திறந்தேன்.

மன்னார்குடிப் பக்கம் நெல் விளைகிற குடும்பம் எங்களுடையது. எவ்வளவு ஆழம் வெட்டினாலும் மண்வெட்டியில் ஒரு கல் தட்டுப்படாத ஊர். அந்த ஏக்கத்திலோ என்னவோ, நான் நிலவியல் படித்து, இந்தோனேசியாவில் எரிமலை நிலத்தைப் பாதுகாத்துச் சுற்றுலாப் பயணிகளுக்குக் காட்டுகிற ஒரு புவிப்பூங்காவில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன்.

பெண் பார்க்க நாகப்பட்டினம் போனோம். அவள் தமிழ் எம்.ஏ. போட்டோவைப் பார்த்த நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. இந்த இடம் தட்டிப்போனால் வேறு இடமே பார்க்க வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அவளைக் கவர்வதற்காக, ஓர் ஆங்கில வார்த்தைகூடப் பேசுவதில்லை என்று சபதம் வேறு. (மேக்மா என்று சொல்லித் தொலைத்திருந்தால் மானம் தப்பியிருக்கும்.)

பெண்ணின் அப்பா ஐஸ் ஃபேக்டரி வைத்திருப்பவர். துக்க வீட்டில் உட்கார்ந்திருப்பவர் மாதிரி முகம்.

"தம்பிக்கு அங்க என்ன வேலைங்க?" என்றார்.

"பாறைக்குழம்பு சம்பந்தப்பட்டதுங்க."

"ஓட்டலா?"

"இல்லீங்க. அது எப்பவோ பொங்கி வழிஞ்சு, ஆறி, கட்டியாயிடுச்சு. யாரும் எடுத்துட்டுப் போயிடாம பாத்துக்கணும். வர்றவங்களக் கூட்டிட்டுப் போய்க் காட்டணும்."

"ஆறுனதையா?"

"ஆமாங்க. ஆறி ஆயிரக்கணக்கான வருசமாச்சு."

அவர் என்னை விட்டுவிட்டு என் தாய்மாமன் பக்கம் திரும்பினார். மிகுந்த மரியாதையோடு, "தம்பிய டாக்டர்ட்ட காட்டுனீங்களா?" என்று கேட்டார்.

மாமாவும் கூச்சமே இல்லாமல், "சின்ன வயசுல ஒருதரம் காட்டுனோங்க" என்றார். (மஞ்சள் காமாலைக்கு.)

எங்கள் பக்கம் மீன் என்றால் வாய்க்கால் கெண்டையும் குளத்து விராலும்தான். கடலில் பாறை என்றொரு மீன் உண்டு, நாகப்பட்டினத்தில் அதைக் குழம்பு வைப்பார்கள் என்பதெல்லாம் எனக்கு எங்கே தெரியும்? பெண்ணின் அப்பா வாட்சைப் பார்த்தார். எல்லாம் போச்சு என்று எனக்கு அழுகை முட்டியது.

அப்போதுதான் அவள் உள்ளேயிருந்து வந்தாள். "அப்பா, அவங்க மீனச் சொல்லலப்பா. எரிமலைக்குள்ள பாறை உருகிக் குழம்பா கெடக்கும்ல, அது" என்றாள். முகத்தில் துளி சிரிப்பில்லை. (அடுக்களையில் முந்தானையை வாயில் திணித்துச் சிரித்து முடித்துவிட்டுத்தான் வந்தாளாம்.)

அவர் வாட்ச் கட்டிய கையைக் கீழே இறக்கினார். பிறகு என் மாமாவிடம், "ஆறிப்போனதையே இவ்வளவு பத்திரமா பாத்துக்குறவரு, எம் பொண்ணப் பாத்துக்க மாட்டாரா?" என்றார்.

இன்றைக்கும் மாமனார் வீட்டில் மீன்குழம்பு மிஞ்சினால் யாரும் கொட்டுவதில்லை. "மூடி வைங்க, மாப்பிள்ள காவலுக்கு இருக்காரு" என்பார், அதே துக்க முகத்தோடு. நானும் எழுந்துபோய் மூடி வைத்துவிட்டு வருகிறேன்.