எங்கள் வீட்டு இன்டர்நெட்டுக்குக் கண்ணீர் அஞ்சலி

கஸ்டமர் கேரில் இருப்பவர்களோடு கோபமாகப் பேசி இதுவரை யாரும் ஜெயித்ததில்லை. நாம் கத்தக் கத்த அவர்கள் குரலில் தேன் கூடிக்கொண்டே போகும். "தங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம் மேடம்" என்று அந்தப் பெண் சொல்லும்போது, அற்பக் காரியத்துக்காக ஒரு நல்ல பிள்ளையைத் திட்டிவிட்டோமே என்று நமக்குத்தான் மனசு கஷ்டப்படும். போனை வைத்துவிட்டு மோடத்தைப் பார்த்தால் அதே சிவப்பு விளக்கு. இந்த உண்மை எனக்குக் கொஞ்சம் முன்பே புரிந்திருந்தால், என் அப்பா ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் செத்துப்போக வேண்டிய அவசியம் வந்திருக்காது.

(பதறாதீர்கள். இதை எழுதும்போது அவர் கொல்லையில் மாட்டைத் திட்டிக்கொண்டிருக்கிறார். சத்தம் நன்றாகக் கேட்கிறது.)

எங்கள் ஊர் பாபநாசத்துக்குப் பக்கத்தில். மெயின் ரோட்டு பஸ் ஸ்டாப்பில் இறங்கி, வாய்க்கால் பாலத்தைத் தாண்டி, இரண்டு பக்கமும் வயலைப் பார்த்துக்கொண்டே வந்தால் கடைசி வீடு எங்களுடையது. நான் அப்போது சென்னைக் கம்பெனி ஒன்றில் அமெரிக்க ஆஸ்பத்திரிகளின் பில்களைச் சரிபார்க்கும் வேலையில் இருந்தேன். கொரோனாவுக்காக வீட்டுக்கு வந்தவள், ஹாஸ்டல் சாம்பாரை நினைத்துக்கொண்டு திரும்பிப் போகவே இல்லை. அப்பாவுக்கு அதில் பெரிய பெருமை. கூலிக்கு நாற்றுப் பறித்து, பிறகு சொந்தமாக நிலம் வாங்கிய மனிதர். அவர் மகள் வீட்டில் உட்கார்ந்தபடியே அமெரிக்காவோடு பேசுகிறாள் என்றால் சும்மாவா? டீக்கடையில் அவர் சொல்லிவைத்திருந்த கணக்கில், நான் சரி என்று தலையாட்டினால்தான் அங்கே டாக்டர் கத்தியையே கையில் எடுப்பார்.

வீட்டுக்கு இன்டர்நெட் கொடுத்தது ஒரு போன் கம்பெனி. (பெயர் வேண்டாம். எங்கள் வீட்டு சிம்மெல்லாம் அவர்களுடையதுதான்.) மெயின் ரோட்டிலிருந்து வயல்களுக்கு மேலாக ஒயர் இழுத்தார்கள். அதைத் தாங்க வரப்போரம் சவுக்குக் கம்பு நட்டது அப்பா. அந்த ஒயருக்கு இருந்த விரோதிகள் வேறு யாருக்கும் இருந்திருக்க முடியாது. அறுப்பு மெஷின் இழுத்துவிட்டது, குரங்கு தொங்கிவிட்டது, வைக்கோல் லாரி மாட்டிக்கொண்டது என்று லைன்மேன் ஒவ்வொரு தடவையும் ஒரு பெயர் சொல்வார். மழை பெய்தால் மழையால் போகும். மழை இல்லாவிட்டால் வெயிலால் போகும். புகார் கொடுத்தால் மட்டும், மாடிப்படியில் நின்று சிக்னல் பிடிக்கும் என் போனுக்கு உடனே மெசேஜ் வரும்: 'உங்கள் புகார் வெற்றிகரமாகத் தீர்க்கப்பட்டது.'

இப்படியே போய்க்கொண்டிருந்தபோது, ஆபீஸ் மீட்டிங் ஒன்றில் நான் வாயை அரைகுறையாகத் திறந்த நிலையில் உறைந்துபோனேன். மீட்டிங் முடியும்வரை திரையில் அந்தக் கோலத்தில்தான் இருந்தேனாம். மானேஜர் அப்புறம் போன் செய்தார்.

"கலா, திங்கக்கிழமை அமெரிக்கா ஆளுங்களோட மீட்டிங். அன்னைக்கும் இப்படி ஆச்சுன்னா நீங்க சென்னைக்கே வந்துடுங்க."

சனிக்கிழமை மதியம் சிவப்பு விளக்கு எரிந்தது.

"மேடம், மோடத்தை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க."

"பண்ணிட்டேன்."

"இப்ப என்ன கலர் லைட் எரியுது மேடம்?"

"சிவப்பு."

"பச்சை எரியணும் மேடம்."

"எனக்குத் தெரியுதும்மா. அதுக்குத்தான் தெரியல."

படியில் உட்கார்ந்து காலில் சேறு கழுவிக்கொண்டிருந்த அப்பா இதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"நம்ம வயல் வாய்க்காலோட கடைசி வயல். நாங்க ரோட்டுல உக்காந்து சத்தம் போட்டுத்தான் தண்ணி வாங்கினோம். நீ என்னடான்னா போன்ல கொஞ்சிக்கிட்டிருக்க" என்றார்.

அவ்வளவுதான், எனக்குள் ஒரு போராளி எழுந்துவிட்டாள். எங்கள் பக்கம் ஒருவர் இறந்தால் மெயின் ரோட்டில் 'கண்ணீர் அஞ்சலி' என்று பெரிய பிளக்ஸ் வைப்பது வழக்கம். செத்துப்போன இன்டர்நெட்டுக்கு அப்படி ஒன்று வைத்தால் என்ன? கும்பகோணம் போகிற பஸ், தஞ்சாவூர் போகிற பஸ் எல்லாம் பார்க்கும். கம்பெனியின் மானம் கப்பலேறும். என் புத்திசாலித்தனத்தை நினைத்து நானே தனியாகச் சிரித்துக்கொண்டேன். (அப்போதே யாராவது ஒரு அறை விட்டிருக்கலாம்.)

பாபநாசத்தில் பிளக்ஸ் கடை வைத்திருந்த அண்ணன் எங்களுக்குப் பழக்கம். எங்கள் புதுமனை புகுவிழாவுக்கு அப்பா படத்தோடு பிளக்ஸ் அடித்தவர் அவர்தான். மாடிப்படியில் நின்று அவருக்கு வாசகத்தை வரி வரியாக அனுப்பினேன். 'கண்ணீர் அஞ்சலி' போனது. 'வடக்குத் தெரு கோ. தங்கராசு அவர்களின்' போனது. 'வீட்டு இன்டர்நெட், நீண்ட நாள் இழுத்துக்கொண்டிருந்து இயற்கை எய்தியது' என்ற வரி போகவில்லை. மாலை போட்டு நான் எடுத்த மோடத்தின் போட்டோவும் போகவில்லை. நான் கவனிக்கவில்லை. சற்று நேரத்தில் அண்ணனே கூப்பிட்டார். அந்தக் கம்பெனியின் சிக்னலில் அவர் பேச்சு துண்டு துண்டாகத்தான் வந்தது.

"படம் வரலம்மா... எங்கிட்ட... இருக்கு... அதையே போட்டுடவா?"

மோடம் படம் ஏதோ வைத்திருக்கிறார் போல என்று நினைத்து, "போடுங்கண்ணே" என்றேன்.

"மிச்சத்த... வழக்கம்போல..."

"ஆமாண்ணே."

"மனசத் தேத்திக்கம்மா. உடம்பு..."

அண்ணனும் கிண்டலில் சேர்ந்துகொள்கிறார் என்று எனக்கு ஒரே உற்சாகம். "ரொம்ப நாளா இழுத்துக்கிட்டுத்தான் இருந்துச்சுண்ணே. போய்ச் சேர்ந்ததே நல்லது" என்றேன். 'இருந்துச்சு' என்பதை சிக்னல் விழுங்கியிருக்க வேண்டும். அண்ணன் சட்டென்று போனை வைத்துவிட்டார். என்ன மகளோ என்று நினைத்திருப்பார்.

ஞாயிறு காலை அப்பா வாசலில் வாயெல்லாம் பேஸ்ட் நுரையோடு நின்றபோது ஒரு வேன் வந்தது. டிரைவர் இறங்கிக் குரலைத் தாழ்த்தி, "தங்கராசு வீடுங்களா?" என்றார்.

அப்பா தலையாட்டினார்.

"ஐஸ் பெட்டி கொண்டாந்துருக்கேங்க. பாடி எங்க இருக்கு?"

"யாரு பாடி?"

"தங்கராசுங்க. மாயவரத்துலேருந்து அவங்க அண்ணன் போன் பண்ணிச் சொன்னாரு."

"நான்தான் தங்கராசு."

டிரைவர் அப்பாவையும் வேனையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்ப இறக்கவா, வேணாங்களா?"

அப்பா வாயைக் கொப்பளித்துத் துப்பினார். "கொஞ்சம் இருப்பா. உள்ள கேட்டுட்டு வரேன்."

அவர் உள்ளே வருவதற்குள் மெயின் ரோட்டுப் பக்கமிருந்து ஒரு கூட்டமாக வந்த அத்தைகள் கொல்லை வழியாக நுழைந்து, அடுப்படியில் இருந்த அம்மாவைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழத் தொடங்கினார்கள். அம்மாவும் யார் செத்தது என்று கேட்காமலே கூடச் சேர்ந்து அழுதாள். (பின்னால் கேட்டதற்கு, "வந்தவங்க அழுவுறப்ப சும்மா நிக்க முடியுமா?" என்றாள்.) நடுவில் அப்பா வந்து, "என் துண்டு எங்க?" என்று கேட்டார். ஒரு அத்தை மயங்கியே விழுந்துவிட்டாள்.

அடுத்து வந்தது மாயவரத்துப் பெரியப்பா. மயிலாடுதுறையை நாங்கள் இன்னும் மாயவரம் என்றுதான் சொல்வோம். அப்பாவும் அவரும் சேர்ந்து வாங்கிய நிலத்தைப் பிரித்தபோது ஒரு வரப்பு யாருக்கு என்று தகராறு வந்து, பல வருஷமாகப் பேச்சில்லை. புதுமனை புகுவிழாவுக்குக்கூட அவர் வரவில்லை. அப்படிப்பட்டவர் கையில் பெரிய ரோஜா மாலையோடு, செருப்பைக்கூடக் கழற்றாமல், "தம்பி, என்ன விட்டுட்டுப் போயிட்டியேடா" என்று கதறிக்கொண்டே உள்ளே வந்தார். தம்பி நாற்காலியில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார்.

அத்தைகள் அழுகையை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்கள்.

"இருக்கியா?" என்றார் பெரியப்பா.

"இருக்கேண்ணே."

பெரியப்பா அப்படியே தரையில் உட்கார்ந்து, முன்பைவிட அதிகமாக அழுதார். யாரோ காபி கொடுத்தார்கள். பாதி குடித்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அந்த வரப்பு என்னுதுதான்" என்றார்.

"அதப் பத்தி இப்ப என்னண்ணே பேச்சு?" என்றார் அப்பா. இருவரும் பேசிக்கொண்டார்கள் என்று அம்மா மறுபடியும் அழுதாள்.

பிறகுதான் ஒரு அத்தை தன் போனைக் காட்டினாள். சொந்தக்காரர்களின் குரூப்பில் விடியற்காலையிலேயே படம் வந்திருக்கிறது. (அவர்கள் வீட்டு இன்டர்நெட்டெல்லாம் அருமையாக வேலை செய்கிறது.) பஸ் ஸ்டாப்பில் ஆள் உயரத்துக்கு பிளக்ஸ். இரண்டு பக்கமும் விளக்கு, மேலே புறா, நடுவில் புதுமனை புகுவிழா படத்தில் சிரிக்கும் அப்பா. 'வடக்குத் தெரு கோ. தங்கராசு அவர்களின் மறைவுக்கு எங்கள் கண்ணீர் அஞ்சலி.' விசாரிக்கலாம் என்று அப்பாவுக்குப் போன் போட்டவர்களுக்கெல்லாம், அவரைத் தொடர்புகொள்ள இயலாது என்று கம்பெனியே அறிவித்து மரணத்தை உறுதி செய்திருக்கிறது.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் விளக்கினேன். மோடம், சிவப்பு விளக்கு, அமெரிக்கா என்று விளக்க விளக்க, என்னைத்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும் என்ற முடிவுக்கு அவர்கள் வருவது முகத்தில் தெரிந்தது. வேனில் இருந்த ஐஸ் பெட்டியில் நானே போய்ப் படுத்துக்கொள்ளலாமா என்று யோசித்தேன். குளுகுளுவென்றாவது இருந்திருக்கும்.

"மொதல்ல போயி அதக் கிழிச்சுப் போடுங்க" என்றாள் அம்மா.

அப்பா சட்டையை மாட்டினார். "நான் பாக்கணும்."

பஸ் ஸ்டாப்புக்கு எல்லாரும் போனோம். அப்பா பிளக்ஸைத் தள்ளி நின்று பார்த்தார், கிட்டே போய்ப் பார்த்தார். "படம் நல்லாத்தான் இருக்கு" என்றார். நான் அழத் தயாராக இருந்தேன்.

"ஏன் கலா, இதக் கிழிச்சுட்டா லைன் வந்துடுமா?"

"வராதுப்பா."

"அப்ப எதுக்குக் கிழிக்கணும்? நீ என்ன எழுத நெனச்சியோ அத இப்பக் கீழ எழுது."

டீக்கடையில் ஒரு அட்டை வாங்கி, பெயிண்டால் எழுதிக் கட்டினேன்: 'இவர் நலம். காலமானது இவர் வீட்டு இன்டர்நெட்.' கம்பெனியின் பெயரையும் பெரிதாகப் போட்டேன். அப்பா டீக்கடை நாற்காலியை இழுத்துத் தன் படத்துக்குக் கீழேயே போட்டு உட்கார்ந்தார். தன் அண்ணன் ஆசையாக வாங்கி வந்த மாலை வீணாக வேண்டாம் என்று அதையும் கழுத்தில் போட்டுக்கொண்டார். பெரியப்பா பக்கத்தில் நின்றார். துக்கத்துக்கு வந்தவர்கள் திரும்பிப் போகாமல் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். பஸ்கள் நின்று நின்று போயின. கண்டக்டர்கள் இறங்கி வந்து படம் எடுத்தார்கள். வண்டியில் போனவர்கள், "எங்க வீட்லயும் செத்துடுச்சுங்க, எங்க பேரையும் சேத்து எழுதுங்க" என்று கேட்டுக்கொண்டு நின்றார்கள்.

மதியத்துக்குள் கம்பெனி அதிகாரி ஒருவர் காரில் வந்து இறங்கினார். சட்டையை நேர்த்தியாக உள்ளே விட்டிருந்த இளைஞர். பாவம், ஞாயிற்றுக்கிழமை.

"சார், கம்பெனி பேரு கெட்டுப்போவுது. போர்டக் கழட்டிடுங்க சார்."

"செத்தவன் எப்படித் தம்பி கழட்டுவான்?"

"நீங்க உசுரோடதானே சார் இருக்கீங்க?"

"அப்படித்தான் எனக்கும் தோணுது. ஆனா லைன் நல்லா ஓடுதுன்னு உங்க ஆபீஸ்லேருந்து மெசேஜ் வருது. போர்டுல நான் செத்துட்டேன்னு இருக்கு. எழுத்துல இருக்குறதத்தானே நீங்க நம்புவீங்க?"

கூட்டம் சிரித்தது. அந்த இளைஞரும் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்ததை நான் பார்த்தேன். பச்சை விளக்கைத் தன் கண்ணால் பார்க்காமல் நாற்காலியை விட்டு எழுந்திருக்கப் போவதில்லை என்று அப்பா சொல்லிவிட்டார். ஆனால் விளக்கு வீட்டில் இருந்தது, அவர் பஸ் ஸ்டாப்பில் இருந்தார். கடைசியில் அம்மா பார்த்தால் போதும் என்று சமரசம் ஆயிற்று. லைன்மேன்கள் வந்தார்கள். பழைய ஒயரைக் கழற்றி எறிந்துவிட்டுப் புது ஒயர் இழுத்தார்கள். வெயில் தாழ்ந்தபோது அம்மா பாலம்வரை வந்து, "பச்சை எரியுது" என்று குரல் கொடுத்தாள். அப்பா மாலையைக் கழற்றினார்.

இன்டர்நெட் வந்ததும் முதலில் வந்து விழுந்தது மானேஜரின் இரங்கல் கடிதம். ஆபீஸில் வேலை பார்க்கும் என் கல்லூரித் தோழி ஒருத்தி அந்தப் படத்தைப் பார்த்துச் செய்தியைப் பரப்பியிருந்தாள். உடனே பதில் போட்டேன். மானேஜர் அதை அமெரிக்காவுக்குச் சொல்ல மறந்துவிட்டார். திங்கட்கிழமை நான் கேமராவுக்கு முன்னால் உட்கார்ந்ததும் அவர்கள் அத்தனை பேரும் தலை குனிந்து மௌன அஞ்சலி செலுத்தினார்கள். என்ன சொல்வதென்று தெரியாமல் நானும் குனிந்தேன். அவர்கள் தலை நிமிர்ந்த நேரத்தில், எனக்குப் பின்னால் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு காபி டம்ளரோடு வந்த அப்பா, கேமராவைப் பார்த்துக் கும்பிட்டார். பிளக்ஸ் படத்தையும் பார்த்திருந்த ஒரு அமெரிக்க அம்மாள் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார். அன்றைக்குப் பார்த்துப் படம் ஒரு நொடிகூட உறையவில்லை.

வேலை போகவில்லை. பிளக்ஸை அப்பா பத்திரமாகக் கழற்றி வந்தார். மழை வந்தால் களத்து நெல்லை அதைப் போட்டுத்தான் மூடுகிறோம். நெல் குவியலின் மேல் அப்பா சிரித்துக்கொண்டே நனைவார். பெரியப்பா தினமும் போன் செய்கிறார். ஹலோ கிடையாது. "இருக்கியா?" என்பார். "இருக்கேன்" என்றதும் வரப்புச் சண்டை ஆரம்பமாகும்.

லைன் இப்போதும் அவ்வப்போது போகத்தான் செய்கிறது. ஆனால் கஸ்டமர் கேருக்கு நான் கூப்பிடுவதில்லை. அப்பா நேராக அவர்களுடைய பாபநாசம் ஆபீஸுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைப்பார். அம்மா, நான், வந்திருக்கும் விருந்தாளிகள் எல்லாரும் வேலையை விட்டுவிட்டுச் சுற்றி நிற்போம்.

"யாரு சார் பேசுறீங்க?"

அப்பா தொண்டையைச் செருமிக்கொள்வார்.

"வடக்குத் தெருவுல காலமான தங்கராசு பேசுறேன்."

"ஐயா, ஆள் கிளம்பிட்டாங்கய்யா."